"போர்டு போயிடுச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பார்ட் பார்ட்டாக வாங்கி நானே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது, பிறகு தன் இஷ்டத்துக்கு ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. கேம் ஆடினால் மணிக்கணக்கில் தாங்கும். சும்மா பிரவுசரில் எதையாவது படித்துக்கொண்டிருந்தால் பொட்டென்று நீலத்திரை. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்று வரும், மறுநாள் வேறு ஏதோ வரும். பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி எரர், அதாவது ஃபைலில் உள்ள டேட்டா ஒத்துப்போகவில்லை என்று வரும். அதே ஃபைலை மறுபடி பிரித்தால் சரியாக வரும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலை நெருக்கடியில் தூக்கிக்கொண்டு போய் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டேன்.

டெக்னீஷியன் என் எதிரிலேயே, விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவெண்ட் வியூவரைத் திறந்தார். சிவப்பாக வரிசை கட்டியிருந்த 'கெர்னல்-பவர் 41' மேல் விரலை வைத்தார். "பாருங்க சார், பவர்னு அதுவே சொல்லுது. மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்." நானும் சரி என்றேன்.

அந்த 41-க்கு அர்த்தம் இவ்வளவுதான்: கடந்த முறை கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினாலும் இதே வரிதான் பதிவாகும். ஆளைக் காணவில்லை என்று எழுதி வைப்பது மாதிரி. ஏன் போனார் என்பது அதில் இருக்காது.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "புது போர்டு போட்டாச்சு சார். உங்க விண்டோஸ்லயே மூணு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிட்டோம், கிளீனா இருக்கு."

வீட்டில் ஆன் செய்ததும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. போர்டை மாற்றினால், அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி பழைய சாவியைத் தராது, அதனால் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் அந்தக் கீ என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் மட்டும்தான் இருந்தது. கடையில் யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. அப்புறம் எந்த விண்டோஸில் மூன்று மணி நேரம் ஓட்டினார்கள்?

சந்தேகம் வந்து சைடு பேனலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். 'புது' போர்டின் ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்த கீறல்கள். போர்டின் செட்டிங்ஸ் இருக்கும் பயாஸுக்குள் போனால், வேகத்தைக் கூட்டி ஓட்ட யாரோ சேமித்து வைத்திருந்த ஓவர்கிளாக் ப்ரொஃபைல். அந்தப் போர்டு வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பர் ஒன்று, போர்டில் இருந்தது வேறொன்று.

அன்று இரவே மறுபடி நீலத்திரை.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து ஓட விட்டேன். முதல் பாஸ், அதாவது முதல் சுற்று, சுத்தம். அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேம் நன்றாக இருக்கிறது என்று நம்பியிருப்பேன். இரண்டாவது பாஸில் எரர்கள் கொட்டின. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் பயாஸில் ஆஃப் செய்து வேகத்தைக் குறைத்தும் நிற்கவில்லை. பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காகக் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்று நான்கு பாஸும் தாண்டியது, இன்னொன்று ஒவ்வொரு முறையும் மாட்டியது. ஒரு ராத்திரி வேலை, பைசா செலவில்லை. கடையில் ரேமைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சீரியல் நம்பர் போட்டோக்களோடு திரும்பப் போனேன். பழைய போர்டைக் கேட்டால், "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதும், பத்தே நிமிடத்தில் உள்ளேயிருந்து அந்த ஸ்கிராப் வந்தது! அது என்னுடையதுதான் என்று நிரூபிக்க முடிந்ததே, அசெம்பிள் செய்த அன்று பெட்டியோடு சேர்த்துச் சும்மா எடுத்து வைத்த ஒரு போட்டோவால். உங்கள் கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றின் ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் திரும்பி வர வேண்டும் என்று ஜாப் ஷீட்டிலேயே எழுத வையுங்கள். எந்த டெஸ்ட் ஓட்டினார்கள், என்ன எரர் வந்தது என்று கேளுங்கள். மழுப்பினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

'போயிடுச்சு' என்ற அதே பழைய போர்டில், ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கோடு இதை டைப் செய்கிறேன். மூன்று வாரமாக ஒரு கிராஷ் இல்லை. பழுதான ஸ்டிக் வாரண்டிக்குப் போயிருக்கிறது. போர்டுக்குக் கொடுத்த பணம் பேசிப் பேசித் திரும்பி வந்தது. சர்வீஸ் சார்ஜை மட்டும் தரமாட்டோம் என்கிறார்கள். வேலை பார்த்தார்களாம்.