கை மிஷினா, பட்டன் மிஷினா? காயலாங்கடை எஸ்பிரசோ மிஷின் ரெண்டைப் பிரிச்சு மாட்டின கதை

போன ஆடி மாசம் வடசென்னை மூலக்கொத்தளம் பக்கம் ஒரு காயலாங்கடையில ரெண்டு எஸ்பிரசோ மிஷின் பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டும் இத்தாலி சரக்கு, ரெண்டும் டூ குரூப் (காபி எறங்குற தலை ரெண்டு), எதோ மூடின ஓட்டல்ல இருந்து வந்தது. ஒண்ணு லிவர், கையால கீழ இழுத்து விடுறது. இன்னொண்ணு பம்ப்பு வச்சது, பட்டன அமுக்கினா அளவா ஊத்திட்டு தானே நின்னுடும். கடைக்காரர் உள்ள இருக்கிற செம்பு, பித்தளைக்கு கணக்கு போட்டுட்டு இருந்தார், நாங்க ஒரு நாள் லேட்டா போயிருந்தா ரெண்டும் பிளந்திருக்கும். லிவர 22,000க்கு நான் எடுத்தேன், பட்டன் மிஷின 26,000க்கு கொளத்தூர்ல இருக்கிற என் தோஸ்து எடுத்தான். அப்புறம் அஞ்சு மாசம், ஞாயித்துக்கெழமை ஆனா தண்டையார்பேட்டை எங்க வீட்டு மொட்டை மாடி ஷெட்டுல ரெண்டையும் சேர்த்தே பிரிச்சோம். நான் லிவர் கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன், நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க.

ஒரு விஷயம். கல்யாணத்துல வாசல்ல நின்னு "எஸ்பிரசோ"ன்னு குடுப்பாங்களே, பால்ல புஸ்ஸுனு ஆவி அடிச்சு மேல சாக்லேட் பொடி தூவி, அது வேற ஜாதி. அதுல ஆவி மட்டும்தான். இது தூளை இறுக்கி வச்சு 9 பார் அழுத்தத்துல தண்ணிய தள்ளுறது. எங்க அத்தை முதல் கப்ப பாத்துட்டு "இன்னாடா இது, கஷாயம் கணக்கா இவ்ளோண்டு குடுக்குற"ன்னாங்க.

எடை, இடம், கரண்டு இதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டையும் தூக்க நாலு பேர் வேணும். ஹீட்டர்ல மூணு காயில் இருக்கும், மூணையும் கொடுத்தா வீட்டு 16 ஆம்ப் ப்ளக் தாங்காது, அதனால ரெண்ட மட்டும் இணைச்சு தனி எம்சிபி, எர்த் லீக்கேஜ் ட்ரிப்பர் போட்டோம். 10 லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து 120க்கு ஏத்தவே ஒரு யூனிட் கரண்டு போயிடும், பித்தளை சூடாகுற கணக்கு தனி. இதுக்கெல்லாம் பதில் புதுசா சின்ன வீட்டு மிஷின் வாங்கிடலாமேன்னா, தாராளமா வாங்கலாம், காபி மட்டும்தான் வேணும்னா அதான் புத்திசாலித்தனம். இது ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு.

லிவர்ங்கிறது மிலான்காரர் அக்கிலே காஜியா 1940கள் கடைசியில கடைகளுக்கு கொண்டு வந்த சமாச்சாரம். கைப்பிடிய கீழ இழுத்தா ஸ்பிரிங் சுருங்கி பிஸ்டன் மேல போகும், அடியில தண்ணி எறங்கும், கைய விட்டா ஸ்பிரிங் விரிஞ்சு தண்ணிய தூள் வழியா தள்ளும். 1961ல ஃபயேமா கம்பெனி இ61 மாடல்ல அந்த வேலைய கரண்டு பம்ப்புக்கு மாத்திட்டாங்க, அப்பலேர்ந்து உலகமே பம்ப்பு பக்கம் போயிடுச்சு. கடைக்கு அதான் சரி, நாள் பூரா லிவர் இழுக்கிறவன் தோள் என்னாவுறது.

ஆனா நம்ம கேள்வி கடை இல்ல, வடசென்னையில ஒரு வீடு. இங்க எல்லாத்தையும் முடிவு பண்றது தண்ணி.

பாய்லர் மூடிய கழட்டின அன்னிக்கே புரிஞ்சுது. ஹீட்டர் காயில் மேல சுண்ணாம்பு பூசின மாதிரி விரல் தடிமனுக்கு உப்பு, ஸ்க்ரூடிரைவரால தட்டினா முட்டை ஓடு மாதிரி பாளம் பாளமா வந்து விழுது, ரெண்டு மிஷினுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் டப்பா நெறஞ்சுச்சு. மிச்சத்துக்கு நைனியப்ப நாயக்கன் தெருவுல சிட்ரிக் ஆசிட் வாங்கி, லிட்டருக்கு 40 கிராம் கணக்குல சுடுதண்ணில கரைச்சு ஊத்தினோம். சொய்ய்ன்னு நுரைச்சு, கொஞ்ச நேரத்துல தண்ணி நீலப்பச்சையா மாறும், அது செம்பு கரையுற கலர், அத பாத்ததும் வடிச்சுடணும், இன்னும் கொஞ்சம் ஊறட்டும்னு விடக்கூடாது.

லிவர்ல கத அவ்ளோதான். என்னுது பழைய டைப், பாய்லர் தண்ணியே ஒரு குழா வழியா நேரா குரூப்புக்கு போகும், வழியில பெருசா எதுவும் கெடயாது. பட்டன் மிஷின்ல தண்ணி பம்ப்பு தாண்டி, தண்ணி அளக்கிற ஃப்ளோ மீட்டர் தாண்டி, பாய்லருக்குள்ள இருக்கிற தனி ட்யூப்ல சூடாகி, ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஓட்டை போட்ட ஜெட் தாண்டி, கரண்டுல தொறந்து மூடுற சாலினாய்டு வால்வு தாண்டி கப்புக்கு வரணும். ஆசிட் விட்டு கழுவினதுல ட்யூப் உள்ள ஒட்டியிருந்த உப்பு பேர்ந்து ஜெட்ல போய் மாட்டிக்கிச்சு. கழட்டி ஊசியால குத்தி மாட்டினோம், ரெண்டு வாரத்துல திரும்ப சாலினாய்டுல மாட்டிச்சு. தோஸ்து மூஞ்சிய பாக்கணுமே.

சரி, உப்பு கம்மியான தண்ணி ஊத்தலாம்னு 20 லிட்டர் ஆர்ஓ கேன் வாங்கினான். அங்கதான் இன்னொரு ஆப்பு. பட்டன் மிஷின்ல பாய்லர் தானா நெறையும், ஒரு கம்பி தண்ணிய தொட்டதும் கரண்டு பாஞ்சு "போதும்"னு உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டுக்கு சொல்லும். ஆர்ஓ தண்ணில தாது ரொம்ப கம்மியா இருந்ததால கரண்டு சரியா பாயல, கம்பி முங்கினது மிஷினுக்கு தெரியவே இல்ல, பம்ப்பு ஓடிட்டே இருக்கு, பாய்லர் கழுத்து வரைக்கும் நெறஞ்சு ஸ்டீம் குழால ஆவிக்கு பதிலா கொதி தண்ணி பீச்சி அடிச்சுச்சு. நல்ல வேளை பசங்க யாரும் கிட்ட நிக்கல. கேனுக்கு 2 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்த பிறகுதான் சரியாச்சு, அதுல கால்சியம் இல்லாததால உப்பும் படியாது. இப்ப நானும் அதான் ஊத்துறேன், வெறும் ஆர்ஓ தண்ணி உலோகத்த அரிக்கும்.

எங்க வீட்டு போர் தண்ணிய டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணில கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு காட்டுறது) வச்சா 1,400 காட்டுது, அத மிஷின் பக்கமே கொண்டு போக முடியாது. சாஃப்ட்னர் போட்டா ஆச்சேன்னு கேப்பாங்க, சாஃப்ட்னர் கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த விடும், கடலோர போர்ல இருக்கிற உப்புக்கரிப்பு அப்படியேதான் இருக்கும், உலோகம் அரிக்கிறது அதாலதான். மெட்ரோ வாட்டர் பரவால்ல. ஆனா புழல் ஏரி தண்ணியும் இருக்கு, 2010லேர்ந்து மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில கடல் தண்ணிய மாத்துற பிளாண்ட்டும் இருக்கு, கோடையில லாரியும் வருது, எங்க குழால வாரத்துக்கு ஒரு நம்பர் காட்டுது. இன்னொண்ணு, டிடிஎஸ் வேற, கடினத்தன்மை (கால்சியம் மாதிரி படியுற உப்பு) வேற, அந்த மீட்டர மட்டும் நம்பாதீங்க. சொட்டு விட்டு பாக்கிற டெஸ்ட் கிட் வண்ண மீன் கடையில கிடைக்கும், கொளத்தூர்ல அதுக்கா பஞ்சம்.

லிவர்ல போர்டும் இல்ல, கம்பியும் இல்ல. கண்ணாடிக் குழால மட்டம் பாத்து முக்காவாசி நெறைச்சா முடிஞ்சுது. ஆனா காலைல ஆறின மிஷின்லதான் நெறைக்கணும், ஏன்னா சூடான பிறகு உள்ள ஒரு பார் அழுத்தம் இருக்கும், மாடி டேங்க் தண்ணி அத எதிர்த்து உள்ள போவணும்னா டேங்க் 10 மீட்டர் உசரத்துல இருக்கணும், என் வீடு என்ன எல்ஐசி பில்டிங்கா. ஒரு தடவ நெறைச்சா நாள் பூரா வருது.

லிவர்ல குறையே இல்லையான்னா இருக்கு. பாய்லர்ல கெடந்த தண்ணியே காபிக்கும் போகுது, ஆவி போக போக மிச்ச தண்ணில தாது ஏறிட்டே போகும், வாரம் ஒரு தடவ மொத்தமா வடிக்கலன்னா டேஸ்ட்ல தெரியும். பட்டன் மிஷின்ல ஒவ்வொரு கப்புக்கும் புதுத் தண்ணி. அதுக்கப்புறம் அந்த ஸ்பிரிங். தூள் போடாம இழுத்து விட்டா தடுக்க எதுவும் இல்லாம கைப்பிடி அடிச்சுட்டு மேல வரும், தாடை போயிடும். எனக்கு ஒரு தடவ மூக்குக் கண்ணாடியோட போச்சு, மூஞ்சி தப்பிச்சுது. ஸ்பிரிங்க கழட்டவும் வெறுங்கையால முடியாது, வண்ணாரப்பேட்டை லேத் அண்ணன் ஒரு கிளாம்ப்பு செஞ்சு குடுத்தார், "தம்பி, இது லாரி ஸ்பிரிங்குக்கு தம்பிடா, பாத்து"ன்னு சொல்லித்தான் குடுத்தார்.

எந்த மிஷினா இருந்தாலும் ரெண்டு எச்சரிக்கை. பாய்லர சுத்தி வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா சுரண்டாதீங்க, பழசுல அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அந்தத் தூசி மூச்சுல போனா ஆபத்து. சேஃப்டி வால்வு புதுசு போடுங்க, முதல் தடவ சூடு ஏத்துறதுக்கு முன்னாடி பச்சத்தண்ணி நெறைச்சு, பிளம்பர் வச்சிருக்கிற கை பம்ப்பால அழுத்தம் ஏத்தி ஒழுகுதான்னு பாருங்க. எங்களுக்கு அதுல ரெண்டு ஜாயின்ட் மாட்டிச்சு.

ஸ்பேர்ல, குழாய் இணைப்பெல்லாம் நம்ம பிளம்பிங் மரைதான், மண்ணடி லிங்கிச்செட்டி தெருவுலயே முடிஞ்சுது. பிஸ்டன் சீல் மட்டும் ஆயில் சீல் கடையில சைஸ் கிடைச்சும் ஃபுட் கிரேடு இல்ல, வெளிநாட்டுலேர்ந்து வர மூணு வாரம். தோஸ்தோட போர்டு செத்து போச்சு, அந்த மாடல் இப்ப வர்றதில்ல, வேற போர்டு போட்டு ஒயர மாத்தினதுக்கே 14,000. என் மொத்த ஸ்பேர் செலவே 9,000 சொச்சம்.

விக்கிற நாள் வந்தா அவனுக்குத்தான் சீக்கிரம் போகும்னு நெனைக்கிறேன், கஃபே வைக்கிறவங்க பட்டன்தான் கேப்பாங்க. டேஸ்ட் விஷயத்துல சண்ட போட மாட்டேன், அதே சிக்மகளூர் கொட்டை, அதே 18 கிராம், லிவர்ல கடைசில அழுத்தம் கொறையறதால கசப்பு கம்மியா இருக்குன்னு எனக்கு தோணுது, தோஸ்து ஒத்துக்கல. ரெண்டும் ஓட ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகுது, அஞ்சு வருஷம் கழிச்சு எது நிக்கும்னு இப்ப சொன்னா அது உருட்டு.

இப்போதைக்கு என்னுதுல ரெண்டாவது குரூப் சொட்டு சொட்டா ஒழுகுது. பிஸ்டன் சீல தலகீழா மாட்டிட்டேன்னு நெனைக்கிறேன். ஞாயித்துக்கெழமை தோஸ்து வரான், கிளாம்ப்பு அவன்கிட்டதான் இருக்கு.