கொழுப்புக் கட்டி கரையும் என்று நம்பி 13,600 ரூபாய் போச்சு

கட்டி கரைக்கும் எண்ணெய் விற்றவர்கள் இன்று மதியம்தான் என்னை பிளாக் செய்தார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். கொழுப்புக் கட்டி இருப்பவர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இடது மேல்கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஐந்தாறு வருடமாக ஒரு கட்டி. வலி கிடையாது. மெத்தென்று இருக்கும், அழுத்தினால் விரலுக்குச் சிக்காமல் தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். நான் தையல் வேலை பார்க்கிறேன். என் ரவிக்கைக்கு மட்டும் இடது கையில் கால் இஞ்ச் கூடுதலாக விட்டுத் தைப்பேன், அதனால் வந்த தொந்தரவு அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா ஒருத்தர் பந்தியில் வைத்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கேன்சரா இருக்கப் போகுதுடி" என்றார். அன்றோடு தூக்கம் போனது.

ராத்திரி போனில் தேடினேன். மறுநாளே கட்டி கரைக்கும் எண்ணெய் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்தன. கத்தி இல்லை, தழும்பு இல்லை, 45 நாளில் கரையும். கடைப் பெயரை எழுதவில்லை, ஆன்லைனில் மூலிகை மருந்து விற்கிற ஒரு கூட்டம்.

வீடியோ காலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு வந்தாள். கையை வெளிச்சத்தில் காட்டச் சொன்னாள். "அக்கா, பயப்படாதீங்க, இது கேன்சர் இல்லை. எங்க அம்மாவுக்கும் இதே இடத்துலதான் இருந்துச்சு" என்றாள். அந்த 'எங்க அம்மா'வில்தான் விழுந்தேன். கேன்சர் இல்லை என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, தொட்டுக்கூடப் பார்க்காமல் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஓவர்லாக் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த 13,600 ரூபாயை அந்தக் கால் முடிவதற்குள் அனுப்பிவிட்டேன். வந்தது மூன்று பாட்டில் எண்ணெய், இரண்டு டப்பா மாத்திரை. பில் இல்லை, பாட்டிலில் உரிம எண் இல்லை.

ஒன்பதாம் நாள் தோல் சிவந்தது. பன்னிரண்டாம் நாள் கொப்புளம் வந்து உடைந்து சேலை ஒட்டிக்கொண்டது. போன் செய்தால், "கெட்ட கொழுப்பு வெளியே வருதுக்கா, நல்ல அறிகுறி, நிறுத்திடாதீங்க." மறுபடி செய்தால், "கத்தரிக்காய் சாப்பிட்டீங்களா, கருவாடு சாப்பிட்டீங்களா?" ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதை வெகுளியாகச் சொல்லித் தொலைத்தேன், பிடித்துக்கொண்டார்கள், பத்தியம் தவறினால் கம்பெனி பொறுப்பில்லையாம். அதற்கப்புறம் நான் அக்கா இல்லை, மேடம். சீனியர் டாக்டர் என்று ஒருவர் வந்து, இரண்டாம் கட்ட மருந்து 8,500, வாங்கினால்தான் குணமாகும் என்றார்.

நேற்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். அறுவை சிகிச்சை டாக்டரம்மா புண்ணில் படாமல் கட்டியின் ஓரத்தை விரலால் அழுத்தினார், அது நழுவியது. "லிப்போமா. கொழுப்பு செல் எல்லாம் ஒரு மெல்லிசு உறைக்குள்ள சேர்ந்து வளர்ந்திருக்கு. மேல எண்ணெய் தேய்ச்சா கரையாதும்மா. நீங்க உடம்பு இளைச்சாலும் இது இளைக்காது" என்றார். ஸ்கேனில் மூன்று சென்டிமீட்டர். தொந்தரவு இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாமாம். கட்டியே வேண்டாம் என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, உறையோடு எடுத்து, கேன்சரா என்று பார்க்கும் பயாப்சி சோதனைக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்களாம். எனக்கு இப்போது அதுவும் முடியாது, வெந்த தோல் முதலில் ஆற வேண்டும். ஒரு பாவமும் செய்யாத கட்டி அப்படியே இருக்கிறது. அதன் மேலிருந்த நல்ல தோலும் 13,600 ரூபாயும்தான் போச்சு.

இன்று காலை பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் உடைச்ச பாட்டிலுக்கு ரீஃபண்ட் இல்லை மேடம்." ஒரு பாட்டில் சீல் உடைக்காமல் இருக்கிறது என்று போட்டோ அனுப்பினேன். பிளாக்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, கெட்டியாக நகராமல் இருந்தாலோ, வலித்தாலோ தள்ளிப்போடாமல் சர்ஜனிடம் காட்டுங்கள். வீடியோ காலில் காட்டாதீர்கள். தோலை எரிக்கிற எதையும் தடவாதீர்கள். கட்டியைக் குணப்படுத்துகிறோம் என்று மருந்து விளம்பரம் போடுவதையே 1954இல் வந்த சட்டம் தடுக்கிறதாம், பக்கத்து வீட்டுத் தம்பி சட்டம் படிக்கிறான், அவன் சொன்னான். எனக்கு வந்ததே நாற்பது விளம்பரம் இருக்கும். நுகர்வோர் உதவி எண் 1915, சைபர் மோசடிக்கு 1930. இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான் கையில் இருக்கிறது.

இன்னும் எழுதலாம், இடது கையில் கட்டுப் போட்டிருப்பதால் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முகூர்த்த ரவிக்கை ஆறு வெட்டாமல் கிடக்கிறது.