வேலைக்குப் போகும் அம்மா, பிள்ளையின் சாப்பாடு: கிரெச் என்கிற குழந்தைக் காப்பகமா, ஆன்ட்டி வீடா, வேலையை விடுவதா?

நான்கு மாதப் பிரசவ விடுப்பு முடியும்போது தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் எல்லா வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். நாங்கள் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அடுத்த தெரு ஆன்ட்டியிடம்தான் மகனை விட்டோம். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டணமும் தூரமும் அவரவர் கணக்கு. ஊரிலிருந்து பாட்டியை வரவழைத்தால் விசா முடியும்வரைதான்.

வேலையை விட்டால் தாய்ப்பாலுக்குத் தடையில்லை, உண்மை. ஆனால் யூஐஎஃப் (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) தருவது 17 வாரத்துக்குச் சம்பளத்தில் 66 சதவீதம், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள். பிறகு ஒற்றைச் சம்பளம். கை இறுகினால் முதலில் குறைவது முட்டையும் மீனும் பழமும்தான்; மீலி மீல் என்கிற சோள மாவுக் கஞ்சியும் பிரெட்டும் வயிற்றை மட்டும் நிரப்பும். சோள மாவிலும் பிரெட் மாவிலும் இரும்பும் வைட்டமினும் சேர்க்கச் சட்டம் வந்தது 2003-ல். அப்படியும் 2016 தேசிய சுகாதார ஆய்வில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 27 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அம்மா வீட்டில் இருந்தால் மட்டும் பிள்ளை தேறிவிடாது. அவள் சம்பளமும் தட்டில் தெரியும்.

மிச்சம் கிரெச்சும் ஆன்ட்டியும். இங்கே நான் பார்த்தது ஒன்றே ஒன்று: பகலில் யார் ஊட்டுகிறார்கள்?

ஒன்பது மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை உணவு வேண்டும், நடுவில் நொறுக்கு வேறு. காலை ஏழுக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பினால் அதில் பாதிக்கு மேல் அடுத்தவர் கையில். வயிறு சின்னது, பகலில் விட்டதையெல்லாம் ராத்திரி திணிக்க முடியாது.

18 மாதத்துக்குட்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கிரெச்சுக்கான விதி. ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் என்று வையுங்கள், கடைசிப் பிள்ளைக்குக் கிண்ணம் வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடும். சீக்கிரம் ஊட்டி முடிக்கத்தான் கஞ்சி தண்ணீராகிறது. நாங்கள் பார்க்கப் போன இடத்தில், தூங்கிவிட்ட ஒரு பிள்ளையின் டப்பா திறக்காமலே பைக்குள் போனது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு இரண்டு கைதானே.

ஆன்ட்டியிடம் இரண்டே பிள்ளைகள். டின் மீனை முள்ளோடு நசுக்கிப் பருப்புச் சாதத்தில் பிசைந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து மைனாவைக் காட்டி ஊட்டுவார். மதியம் போனில் ஒரு வரி வரும்: பல் முளைக்கிறது, நாலு வாய்தான் வாங்கினான். அன்று ராத்திரி ஒரு முட்டை கூடுதல். அந்த ஒரு வரி எனக்கு எந்த மெனு அட்டையிலும் கிடைத்திருக்காது.

பாலும் அப்படித்தான். முதல் ஆறு மாதம் தினம் இரண்டு அரை மணி இடைவேளை தரவேண்டும் என்று இங்குள்ள வேலைநடைமுறை விதி சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். பிழிந்த பால் வெளியே நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். பிப்ரவரி புழுக்கத்தில் ஐஸ் பை இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.

ஆன்ட்டியிடம் குறை இல்லாமல் இல்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு லீவு. பிஸ்கட்டைப் பால் டீயில் தோய்த்துக் கொடுப்பதை நிறுத்த ரொம்பப் பக்குவமாகப் பேசவேண்டியிருந்தது (டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது). கிரெச் என்றால் பதிவு, ஆய்வு, எழுதிவைத்த மெனு என்று ஏதோ ஒரு பிடி இருக்கும்.

நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு என் அனுபவம் உதவாது. இரண்டு வயதுக்கு மேல் கிரெச்சே மேல் என்கிறார்கள் தோழிகள், நாலு பிள்ளைகளைப் பார்த்துத் தானே சாப்பிடுமாம். இருக்கலாம், நாங்கள் இன்னும் அங்கே வரவில்லை.

எதைத் தேர்ந்தாலும் கிளினிக்கில் தரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக்கோட்டை மாதாமாதம் பாருங்கள். இடம் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகவேண்டாம், பிள்ளைகளுக்கு ஊட்டுகிற நேரமாகப் பார்த்து, பதினொன்றரைக்குப் போங்கள்.