தருமபுரியிலிருந்து குமரிக்குத் தனியாக ஒரு நிதிதிரட்டு மிதிவண்டிப் பயணம்: எந்தச் சாலை, எந்த மாதம், எந்த உண்டியல்?

அரசுப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்கு நிதி திரட்டுவதற்காகத் தருமபுரியிலிருந்து கன்னியாகுமரி வரை தனியாக மிதிவண்டியில் செல்வது என்று முடிவு செய்தபின், வரைபடத்தை விரித்து உட்கார்ந்த முதல் நாளிலேயே எனக்கு எதிரே மூன்று வழிகள் நின்றன. தூரத்தை மட்டும் பார்த்தால் விடை எளிது. ஆனால் நிதிப் பயணத்தில் சாலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது மனிதர்கள் நம்மை நிறுத்திப் பேசக்கூடிய சாலையாக இருக்க வேண்டும்.

முதல் வழி, தேசிய நெடுஞ்சாலை 44. பழைய வழக்கில் நாம் இன்னும் ஏழாம் எண் சாலை என்றே சொல்லும் இது சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று நேராகத் தெற்கே இறங்குகிறது. மொத்தம் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் என்பதால் நாளுக்கு 80 கிலோமீட்டர் மிதித்தால் ஏழு நாளில் முடிந்துவிடும். தளம் சீரானது, பஞ்சர் ஆனாலும் சில கிலோமீட்டருக்குள் ஒரு பெட்ரோல் பங்கு கிடைக்கும்.

இந்த வழியின் முதல் சோதனை புறப்பட்ட அன்று காலையிலேயே வந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேல் இருக்கும் தருமபுரியிலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கும் சேலத்துக்கு இறங்குவதற்குத் தொப்பூர் கணவாய்தான் வாசல். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் இங்கே நேரும் விபத்துகளை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் சோதனைக்காக இறங்கிப் பார்த்தேன். கட்டமேட்டைத் தாண்டியதும் பிரேக் கட்டைகளிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. பின்னால் வந்த டிரெய்லர் என்னைக் கடந்த கணத்தில், அதன் காற்று முதலில் என்னை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்தது. இரட்டைப் பாலத்துக்கு முன்பே இறங்கி, ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கணவாயைத் தவிர்க்க விரும்புபவர் மொரப்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வழியாக மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து சேலம் சேரலாம். 65 கிலோமீட்டர் ஏறத்தாழ 100 ஆகும்.

நெடுஞ்சாலையின் பெரிய குறை கணவாய் அன்று. அது ஊர்களைத் தொடாமல் போவதுதான். நாமக்கல்லும் சாத்தூரும் கோவில்பட்டியும் புறவழிச்சாலையில் வெறும் பெயர்ப்பலகைகளாகக் கடந்து போகின்றன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் இருப்பவர், என் வண்டியின் பின்னால் கட்டியிருக்கும் துணிப் பதாகையில் இருப்பது எந்த மொழி என்பதைக்கூடக் கவனிக்க மாட்டார்.

இரண்டாம் வழியான கடற்கரைச் சாலையைப் பற்றி நண்பர்கள் ஆசையோடு பேசினார்கள். திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் புதுச்சேரி சென்று, சிதம்பரம், நாகப்பட்டினம், தொண்டி, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கடலோரமாகவே போகலாம். ஏற்ற இறக்கம் குறைவு; தங்க இடம் தரும் கோயில் ஊர்களும் வேளாங்கண்ணியும் வழியிலேயே இருக்கின்றன. ஆனால் தூரம் 800 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதோடு, இராமநாதபுரத்துக்குத் தெற்கே சாயல்குடி, வேம்பார் பக்கம் சீமைக்கருவேலத்தைத் தவிர நிழல் அரிது. குழுவாகச் செல்பவர்களுக்கு இது அருமையான பாதை. தனியாகச் செல்பவர் வெயிலில் மயங்கினால் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். எனவே இதை நான் நெடுநேரம் யோசிக்கவில்லை.

மூன்றாவது, காவிரிக்கரை வழி. பென்னாகரம், பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர். அங்கிருந்து நெருஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாகப் பவானி. பிறகு ஈரோடு, கொடுமுடி, கரூர். கரூர் வரை நெடுஞ்சாலையைவிட முப்பது நாற்பது கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான். தொப்பூரில் பிரிந்து பவானிக்குப் போகும் லாரிகள் மேச்சேரியிலிருந்து நம்மோடு சேர்ந்துகொள்கின்றன. ஓரம் குறுகலான இடங்களும் உண்டு. அதனால் இது ஆபத்தற்ற வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன, சாலை ஒவ்வொன்றின் கடைவீதி வழியாகவே போகிறது, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சைக்கிளில் கூடவே ஓட்டிக்கொண்டு வந்து கேள்வி கேட்கிறார்கள். கரூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் ஏறி, ஒவ்வொரு நகரத்திலும் புறவழியை விட்டுப் பழைய சாலையில் உள்ளே புகுந்து வெளியேறலாம் என்பது என் கணக்கு. ஏழு நாள் ஒன்பது நாளாகும்.

மாதத்தைப் பொறுத்தவரை போட்டி அதிகம் இல்லை. கோடை விடுமுறையில் பள்ளிகள் பூட்டிக் கிடக்கும். வெயிலும் ஆளைச் சாய்க்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, காற்றாலைகளுக்கு நல்லது, நமக்கு அன்று. வள்ளியூரைத் தாண்டியதும் அது வலப்பக்கமிருந்து அடிக்கும். அதை எதிர்த்து வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி கடந்து காற்றை மறைத்தால், வண்டி லாரியின் பக்கமே சாயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, பொங்கல் முடிந்த மறுவாரம்தான் சரி. அப்போது வீசும் இலேசான வாடைக்காற்றும் முதுகுப் பக்கமிருந்து வரும். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக்காரர்களால் திண்டுக்கல் பக்கம் சாலை நிறைந்திருக்கும் என்றாலும், அவர்களுக்காகத் திறந்திருக்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நமக்கும் உதவும்.

வண்டியில் கியர் வைத்த மெல்லிய சக்கர வண்டியைவிட, எந்தச் சிற்றூர்க் கடையிலும் டியூப் கிடைக்கும் சாதாரண அளவுச் சக்கரத்தையே தேர்ந்தேன். வேகம் குறையும்; நடுவழியில் நிற்கும் வாய்ப்பும் குறையும்.

பணம் திரட்டும் முறையில்தான் நான் அதிகம் தடுமாறினேன். வண்டியில் உண்டியல் கட்டிப் போவது கண்ணுக்குத் தெரியும் முறை. ஐந்து ரூபாய் தருபவருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் தனி ஆள், ரொக்கம், இரவில் லாட்ஜ் என்பது நல்ல சேர்க்கை அன்று. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று வாக்குப் பெறுவது இன்னொரு முறை. இதில் கணக்கு தெளிவு. ஆனால் காய்ச்சலோடு மதுரையில் படுத்திருப்பவரையும், விட்டுப்போன கிலோமீட்டரின் ரூபாய் மிதிக்கச் சொல்லும். மூன்றாவது, பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் கணக்குக்கே கொடையாளர் நேரடியாக அனுப்புவது. 80ஜி என்று நாம் அறிந்த வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவருக்கே பயன்படும் என்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது என்பதையும் பெருந்தொகை தருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மொரப்பூரில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், கண்ணாடி டம்ளரை ஆற்றிக்கொண்டே என்னைக் கேட்டார்: “ஏன் தம்பி, இதுல உன் சோத்துக்கும் ரூமுக்கும் எவ்வளவு போவும்?” குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை, விலை விசாரிப்பது போலத்தான் கேட்டார். என்னிடம் அப்போது ஆயத்தமான பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும், வழிச்செலவு முழுவதும் என் சம்பளத்திலிருந்தே என்று எழுதி, அறக்கட்டளையின் கியூஆர் குறியீட்டுக்குக் கீழே சேர்த்து, லேமினேஷன் செய்து ஹேண்டில்பாருக்கு முன்னால் கட்டினேன். முன்பணம் அனுப்பும் நண்பர்களை மட்டும் நம்பியிருந்தால் நெடுஞ்சாலையே போதும். அந்த அட்டையைப் படிக்க ஆள் வேண்டும் என்பதால் காவிரிக்கரை வழியாகப் போகிறேன்.