மருந்தாளுநரின் ஆலோசனைக்குக் காப்பீட்டுப் பணம்: மருத்துவர் பெயரிலா, சொந்தப் பெயரிலா?

அமெரிக்காவில் மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கான கட்டணம் மருந்தகத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. நோயாளியை உட்கார வைத்து, அவர் வீட்டில் குறித்து வந்த ரத்த அழுத்த அளவுகளைப் பார்த்து, மாத்திரையின் அளவைத் திருத்தும் நேரத்துக்கு யார் பெயரில் பணம் கேட்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கும் நான், மருத்துவர் பெயரில் கிளெய்ம் (காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பும் முறையில் வேலை செய்துவிட்டு, என் சொந்தப் பெயரில் அனுப்பும் முறைக்கு மாறியிருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'இன்சிடென்ட் டூ' (மருத்துவரின் சேவையை ஒட்டிய சேவை) எனப்படும் முதல் முறை, தொடங்குவதற்கு எளிது. மருத்துவர் நோயாளியை முதலில் பார்த்துச் சிகிச்சைத் திட்டம் வகுத்திருக்க வேண்டும். அவருடைய மேற்பார்வையில் மருந்தாளுநர் தொடர்ந்து பார்க்கிறார். கிளெய்ம் மருத்துவரின் என்பிஐ எண்ணில், அதாவது அவருடைய தேசிய அடையாள எண்ணில், போகிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில், மருத்துவர் சேவைகளுக்குரிய பார்ட் பி பிரிவின் நோயாளிகளுக்கு, வழக்கமான கிளினிக் சந்திப்பில் மருந்தாளுநர் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் 99211 என்ற மிகக் கீழ்நிலைக் கட்டணக் குறியீட்டைத்தான் பயன்படுத்த முடியும். அதற்குக் கிடைப்பது சிறு தொகையே.

மருந்தாளுநர் தன் சொந்தப் பெயரில் கிளெய்ம் அனுப்பும் இரண்டாவது முறைக்கு இங்கே வழி திறந்தது 2015-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம். மருந்தாளுநரின் உரிம வரம்புக்குள் வரும் ஒரு சேவையை வேறொரு மருத்துவப் பணியாளர் செய்தால் பணம் தரும் காப்பீட்டு நிறுவனம், மருந்தாளுநர் செய்தார் என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது.

இம்முறையில் சந்திப்புக்கு ஏற்ற உயர்நிலைக் குறியீட்டில் பணம் கேட்கலாம். தொகை கூடுவது நல்லதுதான், ஆனால் நான் இம்முறையை ஆதரிப்பதற்கு முதன்மையான காரணம் அதுவல்ல. கிளெய்மில் யார் பெயர் இருக்கிறது என்பதே. மருத்துவர் பெயரில் போகும்போது காப்பீட்டு நிறுவனத்தின் தரவுகளில் மருந்தாளுநர் என்ற ஒருவரே இல்லை. நிர்வாகம் வரவுசெலவைப் பார்க்கும் நாளில் அவருடைய சம்பளம் செலவுப் பக்கத்தில் மட்டும் தெரிகிறது; அவர் ஈட்டிய வரவு மருத்துவரின் கணக்கில் கலந்து கிடக்கிறது. சொந்தப் பெயரில் போனால், எத்தனை நோயாளிகளை, எந்த நோய்க்காக, எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது வரிக்கு வரி நிற்கும். வேலையின் போக்கும் இதனால் மாறுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுக்கும் ஒருவர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு வருகிறார்; பேச்சுவாக்கில், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். முதல் முறையில் அது புதிய பிரச்சினை. மருத்துவர் பார்க்காமல் அவ்வகையில் பில் செய்ய முடியாது. இரண்டாவதில், மருத்துவருடன் செய்துகொண்ட கூட்டு மருந்துச் சிகிச்சை ஒப்பந்தம் இடம் தந்தால், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்து, ரத்த அழுத்த மாத்திரையின் அளவை அப்போதே குறைத்து, என் குறிப்பாகவே எழுதி முடிக்கிறேன்.

இதற்கான பராமரிப்பு வேலையும் சிறிதல்ல. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திடமும் மருந்தாளுநரின் உரிமம், கல்வி போன்றவற்றின் தகுதிச் சரிபார்ப்பு தனித்தனியே முடிய வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சிஏக்யூஹெச் தரவுத்தளத்தில் உள்ள விவரங்களை 120 நாளுக்கு ஒருமுறை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். காப்பீட்டு மென்பொருள் மருந்தாளுநரை மருந்துப் பலனின் (மருந்துச் செலவுக்கான காப்பீட்டுப் பிரிவின்) கீழ் தேடிவிட்டுக் கிளெய்மைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அப்போது மருத்துவப் பலனின் (சிகிச்சைச் செலவுக்கான பிரிவின்) கீழ் பார்க்கச் சொல்லி மறுபடி அனுப்பப் பொறுமையுள்ள பில்லிங் ஊழியர் ஒருவர் வேண்டும். நோயாளி தர வேண்டிய பங்கும் கூடலாம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி திட்டங்கள் தரும் எம்டிஎம் (மருந்துச் சிகிச்சை மேலாண்மை) சேவை மூன்றாவது வழி. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து 2006-இல் நடைமுறைக்கு வந்தது. 99605, 99606, 99607 ஆகிய குறியீடுகள் அதற்குரியவை. யாருக்குச் சேவை என்பதைத் திட்டமே தேர்ந்தெடுப்பதால் கிளினிக் வேலைக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஆனால் மருந்தகத்தில் இருந்தபடி அதை நான் அதிகம் செய்ததில்லை. அங்கிருப்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

மாநிலச் சட்டம் மெடிகேரையோ, நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குச் சொந்த நிதியில் நடத்தும் திட்டங்களையோ கட்டுப்படுத்தாது. மெடிகேர் நோயாளிகளுக்கு நாங்கள் இன்றும் முதல் முறையையே பின்பற்றுகிறோம். ஆகவே உங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள் என்றால், தகுதிச் சரிபார்ப்பில் இறங்குவதற்கு முன் யாரிடம் எந்தக் காப்பீடு இருக்கிறது என்ற பட்டியலை பில்லிங் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள்.