பழைய ராணுவ ரைபிளுக்கு எந்தத் தோட்டா? செரோசேஃப் வாங்கிப் பார்த்தேன்

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள் சேர்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், தோட்டா வாங்குவதற்கு முன்னால் ஒரு கட்டி செரோசேஃப் வாங்குங்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த உலோகம் இது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், கொதிக்கிற தண்ணீரில் ஒரு டப்பாவை இறக்கி வைத்தாலே போதும். உருக்கி சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில் ஊற்றி, இறுகியதும் வெளியே தள்ளினால் சேம்பரின் வார்ப்பு அப்படியே கையில் வந்துவிடும், அதை அளந்தால் எந்தத் தோட்டா என்று தெரியும்.

ரைபிள்மேல் பொறித்த முத்திரையைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பார்கள். எங்கே செய்தது என்று தெரியும். இன்றைக்கு அதில் எந்தத் தோட்டா போகும் என்பது வேறு விஷயம். துருக்கியின் 1893 மவுசர் ரைபிள் முதலில் 7.65×53 (குழலின் விட்டமும் தோட்டாக் கூட்டின் நீளமும், ஏறத்தாழ மி.மீ. கணக்கில்), அப்புறம் 1930களில் 7.92×57க்கு மாற்றினார்கள். இஸ்ரேலில் நேட்டோ ராணுவங்களின் 7.62 தோட்டாவுக்கு மாற்றிய கார்98கே என்ற ஜெர்மன் மவுசர் பலவற்றில் ஜெர்மன் முத்திரை அப்படியே இருக்கும். அதிலாவது 7.62 என்று பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள், பின்னால் யாரோ பட்டறையில் குழல் மாற்றிய ரைபிளில் அதுவும் இருக்காது. நம் இச்சாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ1 ரைபிள் பார்வைக்குப் பழைய பிரிட்டிஷ் 303 ரைபிள் மாதிரியே இருந்தாலும் 1960களில் 7.62 நேட்டோவுக்கென்றே செய்தது, மேகசின் சதுரமாக இருக்கும், மாடல் பெயரும் வருடமும் வலப்பக்கத்தில் பொறித்திருக்கும், அதனால் அங்கே குழப்பம் குறைவு.

மவுசரில்தான் கண்ணை நம்ப முடியாது. 7.65, 7.92, 7.62 நேட்டோ மூன்றுக்கும் தோட்டாவின் அடி விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ., வித்தியாசமெல்லாம் கழுத்திலும் நீளத்திலும்தான். வார்ப்பில் வெர்னியர் வைத்தால் அது உடனே தெரிகிறது. இன்னொன்று, குழலுக்குள் சுருள் வரிகள் தொடங்கும் இடத்தையும் சேர்த்து வார்த்தெடுங்கள். ஜெர்மனியின் 1888 ரைபிளுக்கு வந்த ஆரம்பகாலக் குண்டின் விட்டம் 0.318 அங்குலம், 1905க்குப் பிறகு வந்தது 0.323. சின்னக் குழலில் பெரிய குண்டு போனால் அழுத்தம் எகிறிவிடும், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரைபிளில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, சேம்பரை நன்றாகத் துடைத்து லேசாக எண்ணெய் பூசி, அதற்குச் சற்று முன்னால் குழலில் துணியை அடைத்து ஊற்ற வேண்டும். முதல் அரை மணி நேரம் வார்ப்பு சுருங்கும், வெளியே எடுப்பது அதற்குள் நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்குத் திரும்பும், அப்போது அளந்துவிடுங்கள், நாள் போனால் இன்னும் பெரிதாகிவிடும். இந்த நேரக் கணக்குதான் இதில் தொல்லை. விலையும் மலிவில்லை, ஆனால் திரும்பத் திரும்ப உருக்கலாம். ஈயமும் காட்மியமும் இருப்பதால் சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டின் முகப்புக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை இது காட்டாது. அதற்குத் தனி கேஜ் வேண்டும், சுடுவதற்கு முன்னால் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் காட்டிவிடுங்கள்.