சான்றிதழா, வேலையா: புதிய தாதியருக்கு எது முதலில்?

ஹட்டன், பதுளைப் பக்கம் தாதியர் பட்டம் முடித்த பிள்ளைகள் பலருக்கும், கூடுதல் சான்றிதழ் எடுத்துவிட்டு வேலை தேடுவதா, நேரடியாக வேலைக்கு விண்ணப்பிப்பதா என்ற குழப்பம் இருக்கிறது.

செலவு
முதலில் சான்றிதழ்: கட்டணத்தோடு கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ், போர்டிங் காசும் சேரும். அம்மாவின் நகையை அடகு வைத்து இதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளே.
முதலில் வேலை: விண்ணப்பச் செலவுதான்.

ஆயுள்
சான்றிதழ்: அமெரிக்க இதயச் சங்கத்தின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி), ஏசிஎல்எஸ் (இதய நோயாளிகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி) அட்டைகள் 2 ஆண்டுகளில் காலாவதியாகும். வேலை தேடுவதிலேயே அதில் பாதி போய்விடலாம்.
வேலை: வார்டு அனுபவம் கூடவே வளரும்.

சரி, யாருக்கு எது? விளம்பரத்திலேயே பிஎல்எஸ் கேட்டால் அதை மட்டும் எடுங்கள். வெளிநாடு போவது உறுதியானால் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு), அதுவும் விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டி. மற்றவர்கள் தாதியர் சபைப் பதிவை முடித்து, சிங்களத்தில் நோயாளியின் நிலையைச் சொல்லப் பழகி, வேலைக்கு விண்ணப்பியுங்கள்.